அயனி எங்கே போய் உட்கார்ந்தது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் நொதிகள் (என்சைம்கள்), அவற்றோடு நாம் தெரிந்தும் தெரியாமலும் சேர்க்கும் உப்புகள், ரசாயனங்கள். கல்லூரி ஆய்வகம், சாயப் பட்டறை, வீட்டு வாஷிங் மெஷின் என்று கேட்டவர்கள் வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள், ஆனால் பதில் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: மண்ணிலிருந்து ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவைப் பிரித்து, அதன் புரோட்டியேஸ் நொதியை (புரதத்தை வெட்டும் நொதி) வைத்து புராஜெக்ட் செய்கிறேன். பி.எச். 9, 60 டிகிரி, கேசீன் (பால் புரதம்), அரை மணி நேர அஸ்ஸே (நொதியின் வேலையை அளக்கும் சோதனை). உப்புகளை 5 மில்லிமோலார் சேர்த்தேன். எதுவும் சேர்க்காததை 100 என்று வைத்தால் கால்சியத்துக்கு 135, செம்புக்கு 48, பாதரசத்துக்கு 9 வருகிறது. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்தால் 62, பி.எம்.எஸ்.எஃப். சேர்த்தால் 3, பீட்டா மெர்காப்டோ எத்தனால் சேர்த்தால் 160. கைடு விளக்கம் எழுதச் சொல்கிறார். பழைய ஆய்வேடுகளில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் என்ன எழுதுவது? (எம்.எஸ்ஸி. மாணவி, திருச்சி)

பதில்: "கால்சியம் ஊக்குவிக்கிறது, பாதரசம் தடுக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகாமல் நிறுத்திக் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த வரி விளக்கமே இல்லை, அட்டவணையை இன்னொரு தடவை வாயால் படிப்பதுதான். நீங்கள் கேட்க வேண்டியது, சேர்த்த அயனி எங்கே போய் உட்கார்ந்தது என்று. அது வினை நடக்கிற குழிக்குள்ளேயே இருக்கலாம், நொதியின் உடம்பை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கலாம், நொதியைத் தொடாமல் கேசீனோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் கடைசியில் நிறம் பார்க்கச் சேர்க்கிறீர்களே அந்தக் கரைசலோடு வினை புரிந்து எண்ணையே மாற்றியிருக்கலாம். நான்குக்கும் அட்டவணையில் ஒரே மாதிரி எண்தான் வரும்.

பி.எம்.எஸ்.எஃப். 3-க்கு இறக்கிவிட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். அது செரின் என்ற அமினோ அமிலத்தைப் போய் அடைக்கும் பொருள். ஆகவே உங்களுடையது பெரும்பாலும் செரின் புரோட்டியேஸ், அதாவது சப்டிலிசின் குடும்பம். 1947-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் ஒட்டசனும் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தோடு வேலை செய்தபோது கண்ணில் பட்ட நொதி அது. அதில் வெட்டும் வேலையைச் செய்வது மூன்று பேர்: 221-ஆவது இடத்தில் இருக்கும் செரின், 64-ல் ஹிஸ்டிடின், 32-ல் அஸ்பார்ட்டிக் அமிலம். இந்த மூன்று பேர் வேலையில் உலோகத்துக்குப் பங்கே கிடையாது.

அப்படியானால் கால்சியம் எதற்கு? சப்டிலிசினில் கால்சியம் உட்கார இரண்டு இடங்கள் உண்டு, ஒன்று இறுக்கமானது, இன்னொன்று தளர்வானது. இரண்டுமே வினை நடக்கிற குழியிலிருந்து விலகியிருப்பவை. மூட்டை வாய்க்குக் கயிறு கட்டுவது போல, நொதியின் வளைவுகள் சூட்டில் அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அங்கே கால்சியத்தின் வேலை. 60 டிகிரியில் கால்சியம் குறைவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நொதி அவிழும், அவிழ்ந்ததை இன்னும் அவிழாமல் இருக்கிற நொதி தின்றுவிடும், ஏனென்றால் அது புரோட்டியேஸ், அதற்குக் கேசீனும் ஒன்றுதான் தன் கூடப்பிறந்ததும் ஒன்றுதான். ஆக, எதுவும் சேர்க்காத குழாயில் நீங்கள் 100 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 100 அரை மணி நேரமாகச் செத்துக்கொண்டே வந்த எண்ணாக இருக்கலாம். கால்சியம் சேர்த்த குழாயில் நொதி வேகமாக வேலை செய்யவில்லை, குறைவாகச் செத்தது. ஊக்குவித்தல் வேறு, காப்பாற்றுதல் வேறு.

இதைச் சோதிக்க ஒரு நாள் போதும். அதே நொதியை 37 டிகிரியில் ஐந்து நிமிடம் மட்டும் வைத்துப் பாருங்கள். கால்சியம் உள்ளதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் மறைந்துவிட்டால் அது காப்பாற்றுகிற வேலைதான். அப்புறம் கேசீன் போடாமல் நொதியை மட்டும் 60 டிகிரியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் எடுத்து, மிச்சம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கோடு போடுங்கள், ஒன்று கால்சியத்தோடு, ஒன்று இல்லாமல். அந்த ஒரு படம் ஆய்வேட்டில் உள்ள அத்தனை அட்டவணைகளையும்விட அதிகம் சொல்லும்.

இ.டி.டி.ஏ. 62 என்பதும் இதே கதையோடு பொருந்துகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டீர்கள், நொதி சீக்கிரம் களைத்துவிட்டது. இதைப் பார்த்து "மெட்டல்லோ புரோட்டியேஸ்" என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் எழுதுகிறார்கள். உண்மையான மெட்டல்லோ புரோட்டியேஸுக்கு, அதாவது உலோகத்தை வைத்தே வெட்டும் நொதிக்கு, தெர்மோலைசின் நல்ல உதாரணம், அதுவும் பேசில்லஸ் இனத்தில் கிடைத்ததுதான். அதில் வெட்டுவதற்குத் துத்தநாகம், உடம்பைப் பிடிக்க நான்கு கால்சியம். துத்தநாகத்தை உருவிவிட்டால் வேலை அப்படியே நின்றுபோகும், பாதியில் நிற்காது. சந்தேகம் தீர ஃபினாந்த்ரோலின் வாங்கிப் போட்டுப் பாருங்கள், அது துத்தநாகத்தைப் பிடிக்கும், கால்சியத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இ.டி.டி.ஏ.-வில் குறைந்து, இதில் குறையவில்லை என்றால் விடை கையில் வந்துவிட்டது.

செம்பு 48. உங்கள் பி.எச். 9. அந்த பி.எச்.-ல் செம்பு கரைசலில் நிற்காது, ஹைட்ராக்சைடாக வெளியே வந்துவிடும். துத்தநாகமும் பெரும்பாலும் அப்படித்தான், ஃபெரிக் இரும்பைச் சொல்லவே வேண்டாம். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், கலங்கியிருக்கும். நீங்கள் 5 மில்லிமோலார் என்று எழுதுகிறீர்கள், கரைந்து நிற்பது அதில் ஒரு சின்னப் பங்குதான், அந்தக் கலங்கலில் நொதியும் ஒட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். பி.எச்.-ஐ மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசல் விஷயத்திலும் கவனம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாஸ்பேட் பஃபரில் கால்சியம் குளோரைடைச் சேர்த்துவிட்டு, மூன்று வாரம் "கால்சியத்தால் எந்த மாற்றமும் இல்லை" என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கால்சியம் எல்லாம் கால்சியம் பாஸ்பேட்டாக அடியில் படிந்து கிடந்தது, நொதிக்குப் போய்ச் சேரவே இல்லை. கண்ணாடிக் குழாயின் அடியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஆய்வகத்தில் பாத்திரம் கழுவிய அம்மா, இன்றைக்கும் நான் அதை மறக்கவில்லை. டிரிஸ் பஃபருக்கு மாறிக்கொள்ளுங்கள், அதுவும் செம்பை ஓரளவு பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

பாதரசம் 9 என்பதற்கு எல்லா ஆய்வேட்டிலும் "தயால் தொகுதியோடு இணைந்து தடுக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். பாதரசம் தயாலைத் தேடிப் போகும் என்பது சரிதான். ஆனால் தயால் என்பது கந்தகம் உள்ள தொகுதி, அதற்குச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும், நன்றாக ஆராயப்பட்ட சப்டிலிசின் கார்ல்ஸ்பெர்க், சப்டிலிசின் பி.பி.என். இரண்டிலும் ஒரு சிஸ்டீன்கூடக் கிடையாது. இல்லாத வீட்டுக்கு விருந்தாளி போனான் என்று எப்படி எழுதுவது? பாதரசம் ஹிஸ்டிடினையும் பிடிக்கும், கேசீனையும் திரள வைக்கும். உங்கள் நொதியின் அமினோ அமில வரிசை தெரிந்தால் மட்டும் சிஸ்டீன் பற்றி எழுதுங்கள். கேசீனுக்குப் பதில், வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் பாரா நைட்ரோ அனிலைடு ஒட்டிய சின்னப் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஒன்றை வைத்து அதே சோதனையைச் செய்தால், தொல்லை நொதியிலா கேசீனிலா என்று தெரிந்துவிடும்.

மெர்காப்டோ எத்தனால் 160-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், ஆனால் எனக்கு அதன்மேல்தான் அதிகச் சந்தேகம். வெட்டுப்பட்ட கேசீனை அளக்க நீங்கள் ஃபோலின் கரைசலில் நீல நிறம் பார்க்கிறீர்கள் என்றால், மெர்காப்டோ எத்தனால் தானே அந்த நீலத்தைக் கொடுக்கும், நொதி இல்லாமலேயே. ஃபெரஸ் இரும்பும் அப்படியே. ஒவ்வொரு உப்புக்கும், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் நொதி போடாத குழாய் ஒன்று தனியாக வையுங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பிளாங்க் வைத்துக் கழிக்காதீர்கள். இந்த இடத்தில்தான் நல்ல உழைப்பு வீணாகப் போவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் கரையாது, ஐசோ புரப்பனாலில் கரைப்பீர்கள், அந்த ஐசோ புரப்பனால் மட்டும் சேர்த்த குழாயும் வேண்டும். பி.எச். 8-ல், அறை வெப்பத்தில் அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் பாதியாகிவிடும், அதனால் கலந்தவுடன் பயன்படுத்துங்கள். நஞ்சு அது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாதரசக் குழாய்களைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். எஸ்.டி.எஸ். என்ற சோப்பு வகைப் பொருளை வைத்துச் சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால் பஃபரில் பொட்டாசியம் உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரண்டு உட்கார்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் காடாத் துணிக்குக் கஞ்சி எடுக்க அமைலேஸ் என்சைம் போடுகிறோம். முன்பெல்லாம் சரியாக இருந்தது. இப்போது போர் தண்ணீரின் கடினத்துக்காக ஒரு ரசாயனம் சேர்க்கிறோம், அதிலிருந்து கஞ்சி சரியாகப் போவதில்லை, சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது. என்சைம் மோசமா? (ஈரோடு)

பதில்: என்சைம் மோசமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சேர்க்கும் அந்த ரசாயனம் என்ன என்று டிரம்மில் ஒட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தண்ணீரின் கடினத்தை அடக்குவதற்கு விற்கும் பொருள்களில் பெரும்பாலானவை கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் வகை, இ.டி.டி.ஏ. அல்லது அதன் உறவுக்காரர்கள். பேசில்லஸ் பாக்டீரியாவின் அமைலேஸுக்குக் கால்சியம் உயிர். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் தரும் அமைலேஸின் உள்ளமைப்பைப் படம் எடுத்துப் பார்த்தபோது அதில் மூன்று கால்சியமும் ஒரு சோடியமும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 90 டிகிரிக்குப் பக்கத்திலும் அது வேலை செய்வது இந்தக் கட்டு இருப்பதால்தான். கட்டை உருவிவிட்டுச் சூடான தொட்டியில் போட்டால் சில நிமிடங்களில் வெறும் புரதக் கூழ்.

அந்தக் காலத்து மாஸ்டர்கள் கஞ்சி எடுக்கும் தொட்டியில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பும் கால்சியம் குளோரைடும் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது இதே காரணம். உங்கள் போர் தண்ணீர் மற்ற வேலைக்குத் தொல்லையாக இருக்கலாம், அமைலேஸுக்கு அது நல்ல தண்ணீர். அதனால் கஞ்சி எடுக்கும் தொட்டியில் மட்டும் அந்த ரசாயனத்தை நிறுத்திவிட்டு, ப்ளீச்சிங்குக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். நனைப்பதற்குப் போடும் திரவம் அயனி இல்லாத வகையாக இருக்கட்டும், அயானிக் வகைகளில் சில நொதியின் உடம்பை அவிழ்த்துவிடும். செம்பு கலந்த தண்ணீர், முந்தைய தொட்டியிலிருந்து கொஞ்சம் மிஞ்சிய பெராக்சைடு, இரண்டும் வராமல் பாருங்கள். முடிந்த பிறகு துணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள், நீலம் வந்தால் கஞ்சி இன்னும் இருக்கிறது. ஒரு நாள் அந்த ரசாயனத்தோடும் ஒரு நாள் இல்லாமலும் ஓட்டி, இரண்டு துண்டுத் துணியில் அயோடின் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் சப்ளை செய்பவரிடம் வாதாட வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: என்சைம் உள்ள சோப்புத் தூள் வாங்குகிறேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், நுரையே வராது. என்சைம் இந்தத் தண்ணீரில் வேலை செய்யுமா? கூடவே ப்ளீச்சும் சேர்த்தால் கறை சீக்கிரம் போகுமா? (இல்லத்தரசி, கோவை)

பதில்: மேலே சொன்னதைப் படித்திருந்தால் முதல் பாதிக்குப் பதில் ஊகித்திருப்பீர்கள். உங்கள் தண்ணீரில் கடினம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால், அது ஏறக்குறைய 3 மில்லிமோலார் கால்சியத்துக்குச் சமம், நம் திருச்சி மாணவி ஆய்வகத்தில் அளந்து சேர்க்கிற அளவுக்குப் பக்கத்தில். நொதிக்கு அதனால் கஷ்டமில்லை. கஷ்டப்படுவது சோப்பு, அது கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடுகிறது. அதனால்தான் சோப்புத் தூளில் கால்சியத்தைப் பிடிக்கும் பொருள்களும் சேர்க்கிறார்கள், அவை அதிகமானால் நொதி தளரும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெட்டது. இந்த இழுபறிக்காகவே கால்சியம் குறைந்தாலும் தாங்குகிற நொதிகளைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

ப்ளீச் வேண்டாம். குளோரின் ப்ளீச் நொதியை அழித்துவிடும், நீங்கள் இரண்டுக்கும் காசு கொடுத்து ஒன்றைக் கொன்றுவிடுவீர்கள். ஆக்சிஜன் ப்ளீச்சும் பழைய நொதிகளைக் கெடுத்தது, காரணம் சப்டிலிசினில் வெட்டுகிற செரினுக்கு அடுத்த வீட்டில், 222-ஆவது இடத்தில், ஒரு மெத்தியோனின் இருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலில் அதைத்தான் தாக்கும். 1985-ல் எஸ்டெல், கிரேகார், வெல்ஸ் மூவரும் அந்த ஒரு மெத்தியோனினை மட்டும் எடுத்துவிட்டு வேறு அமினோ அமிலங்களை வைத்துப் பார்த்தார்கள், சில மாற்றங்களோடு நொதி பெராக்சைடைத் தாங்கி நின்றது. ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஒரு சொல்லைக் காப்பாற்றியது போல. எனக்கு அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, ரத்தம், பால், முட்டைக் கறை பட்ட துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் தூளோடு அரை மணி நேரம் ஊற வைப்பது. கொதிக்கிற தண்ணீர் கூடாது, புரதக் கறை துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கறைக்கு இந்த நொதி உதவாது, அது புரதம் அல்ல, வெயிலில் காயப் போடுங்கள். பட்டுப் புடவையையும் கம்பளியையும் இந்தத் தூள் பக்கமே கொண்டுபோக வேண்டாம், பட்டு முழுக்கப் புரதம், நொதிக்குக் கறை எது புடவை எது என்று தெரியாது.

கேள்வி: பி.சி.ஆர். (டி.என்.ஏ.-வைப் பெருக்கும் முறை) செய்யும்போது சில சாம்பிளில் பேண்ட் (பெருகிய டி.என்.ஏ. காட்டும் கோடு) வருவதே இல்லை. மக்னீசியம் அதிகம் போடு என்கிறார்கள். போடலாமா? (லேப் டெக்னீஷியன், மதுரை)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.சி.ஆரில் டி.என்.ஏ.-வை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸும் ஒரு பாக்டீரியா நொதிதான், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் தந்தது. சப்டிலிசின் மாதிரி இல்லை இது, இங்கே மக்னீசியம் வினை நடக்கிற இடத்திலேயே நின்று கைகொடுக்கிறது. வழக்கமாக 1.5 மில்லிமோலார் மக்னீசியம் போடுகிறோம். டி.என்.ஏ.-வைக் கட்டும் செங்கற்களான டி.என்.டி.பி. நான்கும் தலா 0.2 என்றால் 0.8, அவை ஒவ்வொன்றும் ஒரு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 0.7. உங்கள் டி.என்.ஏ. 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. உள்ள டி.ஈ. பஃபரில் இருந்து, 25 மைக்ரோலிட்டரில் 5 போட்டால் 0.2 குறையும், பரவாயில்லை. அதுவே யாரோ 10 மில்லிமோலார் இ.டி.டி.ஏ.-வில் கரைத்து வைத்திருந்தால் 2 மில்லிமோலார் வந்து நிற்கும், மக்னீசியம் மொத்தமும் போய்விடும். அந்தச் சாம்பிளுக்கு மட்டும் மக்னீசியத்தைக் கூட்டலாம், அதைவிட டி.என்.ஏ.-வைத் தண்ணீரில் நீர்த்துப் போடுவது நல்லது. எல்லாச் சாம்பிளுக்கும் கூட்டினால் வேண்டாத பேண்டுகள் வரும், தவறுகளும் கூடும். ரத்தம் பச்சை மூடிக் குழாயில் வந்திருந்தால் அதில் இருக்கும் ஹெப்பாரின் என்ற உறைவு தடுப்பான் பி.சி.ஆரையும் தடுக்கும், அதற்கு மக்னீசியம் மருந்தில்லை, ஊதா மூடிக் குழாயில் புதிதாக ரத்தம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மருந்துக்கு அடங்காத என்.டி.எம். கிருமியின் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும், இ.டி.டி.ஏ. போட்டால் நின்றுவிடும் என்று படித்தேன். அப்படியானால் நோயாளிக்கு இ.டி.டி.ஏ. கொடுத்தால் என்ன? ஊரில் "கீலேஷன்" சிகிச்சை (உடம்பிலிருந்து உலோகத்தை உருவுவது) என்று விளம்பரமும் பார்த்தேன். (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: படித்தது சரி. என்.டி.எம்.-1 நொதியின் குழிக்குள் இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கின்றன, பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் வளையத்தை உடைப்பது அவற்றின் துணையால்தான். இ.டி.டி.ஏ. அதை உருவிவிடும். மருத்துவமனை ஆய்வகங்களில் இதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள்: கிருமியோடு இ.டி.டி.ஏ. சேர்த்தால் மருந்து மறுபடி வேலை செய்கிறதா என்று பார்த்து, இது துத்தநாக வகை நொதி என்று முடிவுக்கு வருவார்கள்.

ஆனால் குழாய் வேறு, உடம்பு வேறு. இ.டி.டி.ஏ. துத்தநாகத்தைக் கால்சியத்தைவிடப் பல லட்சம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் ரத்தத்தில் கட்டில்லாமல் அலையும் துத்தநாகம் மிகக் குறைவு, கால்சியம் மிக அதிகம். டை சோடியம் இ.டி.டி.ஏ.-வை நரம்பில் ஏற்றினால் அது கண்ணில் படுகிற கால்சியத்தைத்தான் அள்ளும், கால்சியம் விழுந்தால் இதயம் நின்றுவிடலாம். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் இப்படி மூன்று பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது, அவர்களில் இருவர் குழந்தைகள். ஈய நஞ்சுக்கு மருத்துவர்கள் கொடுப்பது வேறு உப்பு, கால்சியத்தை ஏற்கெனவே தாங்கிய இ.டி.டி.ஏ. பெயர் ஒரே மாதிரி இருப்பதால்தான் ஆபத்து. அந்த விளம்பரத்தை நம்பி யாரும் போகாமல் உங்கள் ஊரில் சொல்லுங்கள், தயவுசெய்து.

துத்தநாகத்தை மட்டும் குறிவைத்து உருவும் பொருள் கிடைக்குமா என்ற தேடல் நடந்துகொண்டிருக்கிறது. 2014-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த அஸ்பெர்ஜில்லோமராஸ்மின் என்ற பொருள் என்.டி.எம்.-1-ஐ நிறுத்துகிறது என்றும், அதோடு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது கிருமி தொற்றிய எலிகள் பிழைத்தன என்றும் காட்டியது. எலியிலிருந்து மனிதருக்கு வர இன்னும் பல படிகள் உண்டு. அதுவரை தஞ்சாவூரில் யாருக்கு எந்த ஆன்டிபயாட்டிக் தேவை என்பதை மருத்துவர் சீட்டு மட்டும் சொல்லட்டும், மெடிக்கல் ஷாப் கவுண்டர் சொல்ல வேண்டாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நீங்கள் சொன்னால் அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.